ஒன்பதாம் மாதம், ஐந்தாம் நாள்

எண்பதுகளின் நடுவில், தென் கொரியாவின் பூசான் நகரத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்று, காலணி மேல்பாகத்துக்கான தோலைத் தரம் பார்த்து அனுப்ப ஒரு கொரியரை ஆம்பூருக்கு அனுப்பியிருந்தது. அவர் வந்து சேர்ந்த தோல் தொழிற்சாலையில் நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். கொரியர் நாற்பது வயதுக்காரர். தோலை விரலால் நிமிண்டிப் பார்த்து "கம்மி", "ஜாஸ்தி" என்று சொல்லும் அளவுக்கு எங்கள் பேச்சைப் பிடித்திருந்தார். மற்றதெல்லாம் அரைகுறை ஆங்கிலம்.

அவர் மூத்த மகன். தகப்பனார் இறந்து ஏழாவது வருடம். ஆண்டு நினைவு நாளில் மூத்த மகன் உணவு படைத்து வணங்க வேண்டும். ஊரில் இல்லாவிட்டால் இருக்கும் இடத்தில், அதே நாளில். ஆறு வருடமும் தவறவிட்டதில்லை. அந்த நாள் அவர்களுடைய நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஐந்தாம் தேதி. ஆங்கிலத் தேதியோடு சேர்த்து அச்சடித்த நாள்காட்டி ஒன்றை அவருடைய தாயார் கொடுத்தனுப்பியிருந்தார். விருந்தினர் விடுதிக்கு வெள்ளையடித்தவர்கள் அதைக் கிழித்து வாளிக்கடியில் விரித்துவிட்டார்கள். கொரியாவுக்கு டிரங்க் கால் போட்டால் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம்.

"நாள் கண்டுபிடிக்கிறதை என்கிட்ட விடுங்க" என்றேன். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன், பஞ்சாங்கமும் வாசிப்பேன். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள் என்பதால் பஞ்சாங்கத்தை அலுவலக மேசையில் வைத்திருந்தேன். அவர்களுடைய எட்டாம் மாதத்து முழுநிலாப் பண்டிகை போன பௌர்ணமியில் முடிந்திருந்தது. அடுத்து வரும் மகாளய அமாவாசை திங்கட்கிழமை. மறுநாள் பிரதமை. ஆக ஐந்தாம் நாள் சனிக்கிழமை. உறுதியாகச் சொன்னேன்.

தோல் தொழிற்சாலைகளுக்கு வெள்ளிதான் விடுமுறை. படையலுக்கு வேண்டியதைத் தேடி வெள்ளி காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டோம். அம்பாசிடர் என் நண்பர் பாயுடையது. தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் விற்பவர். குடியாத்தத்தில், கைலி நெய்யும் குடும்பத்து நண்பர் ஒருவர், படையல் மேசைக்கு வெள்ளைத் துணியோடு ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் கொரியர் சொல்லிக்கொண்டு வந்தார். சிவப்புப் பழங்கள் கிழக்கே, வெள்ளைப் பழங்கள் மேற்கே. மீன் முழுசாக, தலை கிழக்கு பார்க்க. சோற்றுக் கிண்ணத்தில் கரண்டியை நட்டு வைக்க வேண்டும். பூண்டும் மிளகாயும் கூடாது. ஆவி வாசலோடு திரும்பிவிடும்.

"மொளகா இல்லாத மீனா?" என்றார் பாய். "எங்க ஊரு ஆவின்னா அதுக்கே கோவிச்சிக்கினு போய்டும்."

"அரிசி மதுவும் வேணுமாம்" என்றேன்.

"இன்னா வேணா வாங்கு. அது மட்டும் என் வண்டில ஏறாது."

நெசவாளர் யோசித்துவிட்டு, தன் வீட்டில் பழைய சோற்று நீர் இருக்கும் என்றார். வண்டியைத் திருப்பினோம். கொரியர் ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார். இன்னும் இரண்டு நாள் மூடி வைத்தால் தன் கிராமத்து மதுவேதான் என்றார். "அப்ப நாளைக்கே ஊத்திடணும்" என்றார் பாய். ஒரு தூக்குவாளி நிறைய வாங்கிக்கொண்டோம்.

வேலூர் சந்தையில் ஆப்பிள், பேரிக்காய். அவர்கள் ஊர் இலந்தைக்குப் பதில் பேரீச்சை. கஷ்கொட்டை என்ற அவர்கள் ஊர்க் கொட்டைக்கு ஈடு தெரியாமல் வேர்க்கடலை. மீனை மறுநாள் காலை புதிதாக வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். பாய்க்கு ஜும்மா தொழுகை இருந்தது. மேல்விஷாரத்தில் அவருடைய அக்கா வீட்டில் சாப்பாடு.

சாப்பிட்டு எழுந்த கொரியர், கை துடைத்துக்கொண்டே சுவரில் இருந்த மாத நாள்காட்டியின் முன் நின்றார். திங்கட்கிழமைக் கட்டத்தில் அமாவாசைக்குக் கறுப்பு வட்டம். அதன் மேல் விரலை வைத்து "ஒன்று" என்றார். விரல் நகர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. வெள்ளியில் வந்து நின்றது.

"அமாவாசையே ஒண்ணாந் தேதியா?" என்று கேட்டேன்.

"நிலா இல்லாத நாள், முதல் நாள். எப்போதும்" என்றார்.

அமாவாசைக்கு மறுநாளிலிருந்து எண்ணுவது நம் வழக்கம். அவர்களும் அப்படித்தான் எண்ணுவார்கள் என்று நான் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தேன். நாள் நாளைக்கு இல்லை, இன்றைக்கு. மணி இரண்டு பத்து. மீன் இல்லை.

"நாங்க பிறை பார்த்துட்டுத்தான் மாசத்தையே ஆரம்பிப்போம்" என்று பாய் செருப்பைத் தேடினார். "என்னைக் கேட்டிருந்தா இன்னும் ஒரு நாள் லேட்டாகியிருக்கும். ஏறு, ஏறு."

வேலூர் மீன் கடைகளில் மூன்று மணிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடையில் மட்டும் ஒரே ஒரு கத்தாழை மீன். கொரியர் செவுளைத் தூக்கிப் பார்த்துத் தலையசைத்தார். தங்கள் ஊர்ப் படையல் மீனுக்கு உறவு என்றார். நான் விலை கேட்பதற்குள் கடைக்கார அம்மா மீனைப் பலகையில் போட்டு, தலைக்கு நேராகக் கத்தியை ஓங்கிவிட்டார்.

"வெட்டாதம்மா" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். கொரியர் உள்ளங்கையை மீனின் கழுத்தில் வைத்துவிட்டார்.

கத்தி நின்றது. "கைய எடுய்யா, போய்டப் போவுது" என்றார் அந்த அம்மா. "தலைய இன்னா பண்ணப் போறீங்க?"

"கும்பிடப் போறோம்" என்றார் நெசவாளர்.

அந்த அம்மா எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, செதில் சீவி, குடலை மட்டும் எடுத்து, தலையோடு வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார். ஆம்பூர் வரை அந்தப் பொட்டலம் நெசவாளர் மடியில்தான் இருந்தது. "நவராத்திரியில வூட்ல வெங்காயம்கூட இல்ல. என் மடியில மீனு" என்று பள்ளிகொண்டாவிலிருந்து புலம்பிக்கொண்டு வந்தார்.

ஐந்து மணிக்கு விடுதி. பாயின் மனைவி மீனை உப்பு மட்டும் தடவிச் சுட்டு அனுப்பினார். மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்த கையைத் தானே பிடித்துக்கொண்டாராம். கொரியர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தந்தையின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரோரம் நிறுத்தினார். கிழக்கு எது என்று மாதா கோயில் கோபுரத்தை வைத்து நான் சொன்னேன். சொல்லிவிட்டு, வெளியே போய் மேற்கே சூரியனை ஒரு தடவை பார்த்து வந்தேன். கதவைத் திறந்தே வைத்தார். சோற்று நீரை ஊற்றினார். நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்து வணங்கினார். நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றோம். திறந்த கதவு வழியாகக் கீற்று நிலா தெரிந்தது.

பிறகு படைத்ததை எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டும். அதுவும் சடங்கில் சேர்த்தி. நெசவாளர் பழத்தோடு நிறுத்திக்கொண்டார். பாய் மீனை வாயில் வைத்து வெகு நேரம் மென்றார். "உப்பு கூடக் கம்மி" என்றார். கொரியர் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒரு தரம் தப்பாக எண்ணியவன், இரண்டாம் தரமும் எண்ணியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, கொரியர் ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். தம்பி எழுதியது. ஊரில் தந்தைக்குப் படைத்ததைச் சொல்லும் ஒரு வரியில் விரலை வைத்தார். கொரிய எழுத்துகளுக்கு நடுவே ஆங்கிலத் தேதி மட்டும் எண்களில் இருந்தது. நாட்குறிப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதே வெள்ளிக்கிழமை. ஒரே நாளில் பூசானிலும் ஆம்பூரிலும்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலுவலகமே எழுந்து பார்த்தது.

மாலையில் கொரியரையும் இழுத்துக்கொண்டு பாயிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "எண்ணினது நீயில்ல, அவரு" என்றார். "எங்கக்கா வூட்டு காலண்டரு." தேநீருக்கு மட்டும் அவரே சொன்னார், மூன்று கோப்பை.