ஒற்றுத்தாளால் மூடிய பத்தி

புதிதாக அச்சான கேள்வித்தாளுக்கு ஒரு வாசம் உண்டு. மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்தாற்போல் மூக்கில் நிற்கும். நான் அதை முதன்முதலில் முகர்ந்தது வெகுதானிய வருஷம் பங்குனி மாதத்தில், நாமக்கல்லில், பள்ளி இறுதிப் பரீட்சையின் ஆங்கிலத் தாளைக் கையில் வாங்கியபோது. மாசி என்று என் தம்பி வாதாடுவான். அந்த வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தார்கள் என்பதால் பங்குனியே சரி.

அதுவரை நாங்கள் அச்சிட்ட கேள்வித்தாளைக் கண்டதில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் நாங்கள் படித்த பள்ளியில் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். நாங்கள் "நெட்டுரு" போட்டதை அப்படியே இறக்கிவைப்போம். விடை இருக்கும் பக்கம் கண்ணெதிரே கிடந்தால் அதற்குப் பெயர் "காப்பி", அதற்குக் கூலி பிரம்படி.

மனப்பாடத்தில் என் மாமன் மகன் செங்கோடனை மிஞ்ச ஆளில்லை. மாமாவின் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி, ஆங்கிலப் பாடப் புத்தகத்தை முகவுரை உட்பட உரக்க ஒப்பித்துக்கொண்டே போவான். ஒருநாள் ஒரு பாடத்தின் கதையை அவன் தமிழில் சொல்லிவிட்டதால், ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளும் குருவாயிக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

"ஏஞ்சாமி, நேத்து முழுகுன கப்பல் இன்னைக்கும் முழுகுதுங்களா?"

"பரீச்சை வரைக்கும் தெனமும் முழுகோணும்" என்பான் இவன்.

மாமா சுருக்கமாகப் பேசுகிறவர். "தேறுனீனா சேலத்துல குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறேன். இல்லீனா இந்த ஏணிதான். பாத்துக்க சாமி" என்றார். செங்கோடனுக்கு நான்கு படி ஏறினாலே தலை சுற்றும்; அது மாமாவுக்கும் தெரியும்.

பரீட்சை மண்டபத்தில் முதல் இரண்டு கேள்விகளும் நாங்கள் படித்த பாடங்களிலிருந்தே வந்திருந்தன. மூன்றாவதைப் பார்த்ததும் என் விரல்கள் சில்லிட்டுப் போயின. குளிர்நாட்டில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளுக்குள் புதைத்துக் கோடைக்குச் சேமிப்பதைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு பத்தி அச்சாகியிருந்தது. எங்கள் புத்தகத்தில் அதில் ஒரு வரிகூடக் கிடையாது. வேறு பள்ளிக்கான தாளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, கீழே இருந்த கேள்விகளுக்கெல்லாம் விடை மேலேயே கிடந்தது. மேற்பார்வையாளர் வெற்றிலை மென்றபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் திருடன்போல் பார்த்துப் பார்த்து எழுதினேன். முன் பெஞ்சில் செங்கோடனின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

வெளியே வந்ததும், பள்ளி மதிலோரம் அவனைக் கேட்டேன்.

"ஐஸ் பத்தி எழுதுனயா மாப்ளே?"

"முழுசா எழுதீட்டேன். ஒரு வார்த்தை உடலே."

"பத்தியவா? கேள்விக்கு வெடை?"

"அதுக்குள்ளதான வெடையெல்லாம் இருக்குது. படிச்சு மனப்பாடம் பண்ணி, மையொத்தற ஒத்துத்தாள மேல போட்டு மூடீட்டுத்தான் எழுதுனேன். நேரம் போயிருச்சு. கட்டுரை ஒரு வரி எழுதலே."

"பாத்தே எழுதலாமல்லோ?"

அவன் நின்றுவிட்டான். "பாத்தா எழுதுனே? அது காப்பியல்லோ மாப்ளே?" என்றவன், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் தோளில் கைவைத்து, "போச்சாது போ. ஆருகிட்டயும் சொல்லிராதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

ஊர் திரும்பியதும் எங்கள் ஆங்கில வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பாத்து எழுதலாம்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையேப்பா" என்றார். அவர் திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்திருந்தோம். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் செங்கோடனுக்கு முகம் வெளுத்தது.

அடுத்த வைகாசியில் முடிவு வந்தது. என் எண் இருந்தது, அவன் எண் இல்லை. மாமா ஏணியின் படிகளை இழுத்துப் பார்த்துப் புதுக்கயிறு கட்டினார். மறுநாள் விடியலில் செங்கோடன் ஏறினான். கண்களை இறுக மூடிப் படியைக் கட்டிக்கொண்டு நின்ற அவனுக்குக் கீழே ஏணியைப் பிடித்திருந்த குருவாயி, "கீழ பாக்காதீங்க சாமி, எலையப் பாருங்க" என்றாள். கேலிக்காரியான அவள் அன்று சிரிக்கவில்லை. மறு வருஷம் எழுதட்டும் என்று நான் கேட்டுப் பார்த்தேன். "ஏறிப் பழகிட்டான், இனி எதுக்குங்க?" என்று மாமா முடித்துவிட்டார்.

இன்று என் தம்பி பேத்தி ஆங்கிலப் பரீட்சைக்கு மாதிரித் தாள்களைக் கட்டாக வைத்துக்கொண்டு படிக்கிறாள். எந்தப் பகுதியில் என்ன வரும், எதற்கு எவ்வளவு நேரம் என்றெல்லாம் அச்சிட்டிருக்கிறது. "பத்தியை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம்" என்ற வரியைப் படித்தபோது, இத்தனை காலம் கழித்தும் எனக்கு விரல் சில்லிட்டது. கரும்பலகைக் கேள்விகள் போயின. மாமாவின் கொடிக்கால் இருந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது.

போன பொங்கலுக்குச் செங்கோடனைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், "மாப்ளே, ஐஸுமேல மரத்தூள எதுக்குப் போட்டாங்க?" என்று கேட்டேன்.

அவன் கண்ணை மூடி, முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தில் தொடங்கினான். ஏரி உறைந்தது, கட்டிகள் அறுபட்டன, வண்டியில் ஏறின. மரத்தூள் வந்ததும் நிறுத்தி, "இந்தா, இங்க இருக்குது" என்றான். அவனுடைய வலது உள்ளங்கை கட்டில் சட்டத்தின்மேல் எதையோ மூடியதுபோல் அழுந்திக் கிடந்தது.