மயிலாஞ்சிக் கை

முந்திரி ஆலையை அருமனைப் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பெயரில் மட்டும்தான் ஆபீஸ். நாற்காலி மேனேஜருக்கு மட்டும். பி.காம். முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் நானும் அங்கே பருப்பைத் தரம் பிரிக்கும் அறையில் சில வருஷம் இருந்தேன். என் அண்ணன் மனைவி, அதாவது என் மைனி, கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தாள்.

முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். அதற்கெல்லாம் அது அடங்காது. மைனியின் விரல்நுனிகள் கறுத்து வெடித்துப்போய், பெருவிரல் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. இனியும் எண்ணெய் பட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையுறை கேட்டால், அதைப் போட்டால் வேகம் குறையும் என்றார் மேனேஜர். எங்கள் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ரப்பர் மரம். அத்தனை பாலும் வடிந்து லாரி லாரியாகப் போகிறது, இந்தப் பெண்களுக்கு ஒரு ஜோடி கையுறை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான், எங்களிடம் பருப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆள் அனுப்பப்போகிறது என்ற சேதி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒண்ணும் பேசண்டாம் மைனி. கைய மட்டும் நீட்டிக் காட்டுங்க. வாங்குறவங்க சொன்னா இவங்க கையுறை தந்துதான் ஆவணும்" என்றேன்.

"காட்டுவேன் பிள்ள" என்றாள்.

ஆனால் அண்டி ஆபீஸ் பெண்கள் கையைக் காட்டிப் பழகியவர்கள் அல்ல. கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாற எழுந்திருக்க மாட்டார்கள். சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தால் காசைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் போடச் சொல்வார்கள். ஆள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கூட வேலை செய்யும் முஸ்லிம் அக்கா ஒருத்தி தன் வீட்டு மருதாணியை அரைத்து எடுத்துவந்தாள். மயிலாஞ்சி என்பார்கள் அவர்கள். எல்லோருக்கும் விரல்நுனியை மூடித் தொப்பி போட்டுவிட்டாள். சர்ச் சபையில் ஏதாவது சொல்வார்கள் என்று அதுவரை மருதாணி பக்கமே போகாத மைனியும் கையை நீட்டியிருக்கிறாள். புண்ணில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளாம்.

காலையில் பார்த்தால் கறுப்பும் வெடிப்பும் தெரியாமல் விரலெல்லாம் செக்கச் செவேலென்று இருந்தது. "என்ன காரியம் செஞ்சிட்டிய மைனி!"

"நம்மளத் தேடி வாறவங்களுக்க மொகத்துக்கு நேரா அந்தக் கையயா நீட்ட? கொஞ்சம் விருத்தியா, சுத்தமா காட்டண்டாமா?"

வந்தவள் சின்னப் பெண். பெண்களின் பேச்சை அவளுக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொன்னதும் மேனேஜர்தான். யாரைப் பற்றி விசாரிக்க வந்தாளோ அவர் வாயாலேயே விசாரித்தாள்! பருப்புத் தரம் பிரிக்கும் எங்கள் அறைக் கதவைச் சாத்தி, யாரையும் வெளியே விடவில்லை. அவள் மைனியின் கையைப் பிடித்து, அழகு அழகு என்று சிரித்து, உள்ளங்கையில் பருப்பை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு மேனேஜரின் காரில் போய்விட்டாளாம்.

மைனியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த விரலைத் தொட்டவளுக்கு அதன் வீக்கம்கூடவா தெரியாமல் போயிற்று? மருதாணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தானே அவளை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்? பொசுக்கியவனுக்கு இல்லாத வெட்கம் பொசுங்கியவளுக்கு எதற்கு?

கொஞ்ச நாளில் மருதாணி அழிந்தது. பெருவிரல் முன்னைவிட மோசமாகிவிட்டது. கையுறை கேட்க நானும் மைனியும் மறுபடி மேனேஜரிடம் போனோம். அவர் தலைக்குப் பின்னால் அந்தப் படம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கண்ணியமான உழைப்பு என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள்.

"ஒனக்க கை நல்லாத்தானே இருக்கு? அவங்களே பாத்து எழுதிக் குடுத்தாச்சே" என்று படத்தைக் காட்டினார்.

மைனி மேசையைச் சுற்றிப் போனாள். சீழ் கட்டிய கையை விரித்து, படத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து வைத்தாள்.

"ரெண்டும் எனக்க கைதான் சார். எத நம்புவிய?"

அவர் படத்தையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை.

"கைய எடு. செவரு அழுக்காவும்" என்றார்.