செனத்தேர் சொல்லாத வாக்கியம்

எங்க வீட்டுக்காரருக்கு ஆண்டவன் கொடுத்த சொத்துன்னா அது குரல்தான். மைக் இல்லாம பேசினாலும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துல சார்ஜெண்டா இருந்தவரு. அந்தப் பட்டாளத்துக்குப் போய் வந்தவங்கள எங்க ஊர்ல 'சொல்தா'ம்பாங்க. என்னையும் மீன்காரம்மா 'சொல்தா வீட்டம்மா'ன்னுதான் கூப்பிடும். ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்ததுல இருந்து அந்தக் குரலுக்கு ரெண்டு இடத்துல வேலை. ஒண்ணு எங்க மாதா கோயில்ல, ஞாயித்துக்கிழமை பூசை முடியும்போது அறிவிப்பு வாசிக்கிறது. இன்னொண்ணு கட்சி மேடையில. கோயிலோட நின்னிருந்தா நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கட்சின்னா இங்க தெருவுக்குத் தெரு கொடி பறக்குதே, அந்தக் கட்சி இல்லை. நாங்க பிரெஞ்சுப் பிரஜைங்க. புதுச்சேரி வெயில்ல கறுத்துக்கிட்டே ஓட்டு மட்டும் பிரான்சுக்குப் போடற ஜனங்க. அதுலயும் வலதுன்னும் இடதுன்னும் ரெண்டு கோஷ்டி. சாயங்காலமானா வயசான சொல்தாங்க எல்லாம் ஒரு மைதானத்துல கூடி இரும்புக் குண்டு போட்டு பெத்தாங்க் விளையாடுவாங்க. குண்டு பாதி நேரம், சண்டை பாதி நேரம். வலதுகாரங்களுக்கு ஒரு செனத்தேர் இருந்தாரு. செனத்தேர்னா அங்க மேல்சபை மெம்பர், வெளிநாட்டுல இருக்கற எங்களை மாதிரி ஆளுங்களுக்காகப் பேசறவரு. பொய் சொல்லக் கூடாது, நல்ல மனுஷன்தான். பென்ஷன் நின்னு போன விதவைங்களுக்காக மேல எழுதி வாங்கிக் கொடுத்திருக்காரு. எங்க வீட்டுக்காரர் அவருக்கு இங்க வலது கை மாதிரி.

எங்களுக்கு ஒரே பையன். பிரான்சுல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற வேலை. கூட ஒரு வெள்ளைக்காரப் பையன், டவுன் பஸ் ஓட்டறவன், ஒரே வீட்டுல தங்கி இருந்தான். ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தான் எங்க பையன். ஒரு தடவை லீவுக்கு ரெண்டு பேருமா வந்தாங்க. காலையில இட்லி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கிட்டே, "அப்பா, இவன் ஃப்ரெண்டு இல்லை. நாங்க ரெண்டு பேரும் ஜோடியா வாழறோம்"னு சொல்லிட்டான்.

எனக்கு அது எப்பவோ தெரியும். பெத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பயமெல்லாம் இவரை நெனைச்சுத்தான். இவரு கையைக் கழுவினாரு, ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பையன் "போச்சும்மா"ன்னான். கொஞ்ச நேரத்துல ஸ்கூட்டர் திரும்பி வந்தது. கையில பெரிய மார்க்கெட் பை, உள்ள நண்டு உயிரோட பிறாண்டிக்கிட்டு இருக்குது. நேரா அந்தப் பஸ்காரப் பையன்கிட்ட போய், "இது சாப்பிடுவியா?"ன்னு பிரெஞ்சுல கேட்டாரு. அவ்வளவுதான். மத்தியானம் பக்கத்துல உக்கார வெச்சு, ஓட்டை எங்க கடிச்சா உடையும்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாரு. நான் சமையக்கட்டுல நின்னு அழுதேன். என் ஆயுசுல அவ்வளவு சந்தோஷமா அழுதது அன்னைக்குத்தான்.

அப்புறம்தான் பிரான்சுல அந்தச் சட்டப் பேச்சு வந்தது. ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் கவர்மெண்டு அறியக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு. செனத்தேர் அதை எதிர்த்தாரு. உடனே இங்க மைதானத்துல தீப்பிடிச்சுக்கிச்சு. "நம்ம செனத்தேர் சொல்றதுதான் ஞாயம்"னு வலதுகாரங்க. "எவன் எவனைக் கட்டிக்கிட்டா உனக்கென்னய்யா, உன் பென்ஷன்லயா கை வெக்கிறான்?"னு இடதுகாரங்க. அட, அவங்களுக்கு மட்டும் அந்தப் பசங்க மேல என்ன பாசம் பொங்கி வழிஞ்சுது? செனத்தேர் ஆமான்னு சொல்லியிருந்தா இவங்க இல்லைன்னு சொல்லியிருப்பாங்க. என் புள்ள விஷயம் அங்க ஒருத்தருக்கும் தெரியாது. இவரு குண்டைக் கையில வெச்சுக்கிட்டு வலது பக்கம் நின்னுக்கிட்டு இருப்பாரு, வாயைத் தெறக்க மாட்டாரு.

அந்த வாரம் பையன் போன் பண்ணினான். "சட்டம் வந்ததும் நாங்க கட்டிக்கப் போறோம்மா. மேரியிலதான்." மேரின்னா நகராட்சி ஆபீஸ், பிரான்சுல கல்யாணம் பதியறது அங்கதான். "சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போடணும். அப்பா போட்டா போதும், எனக்கு வேற யாரும் வேணாம்." நான் இவரு கையில போனைக் கொடுத்தேன். "பாக்கலாம், பாக்கலாம்"னாரு. இவரு அகராதியில பாக்கலாம்னா சரின்னு அர்த்தம். மறுநாளே பீரோவுல இருந்து கோட்டை எடுத்து மாடியில வெயில்ல போட்டிருந்தாரு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

அந்த நேரம் பார்த்து செனத்தேர் புதுச்சேரிக்கு வந்தாரு. மீட்டிங்குக்கு எடம் பிடிச்சாங்க பாருங்க, கல்யாண மண்டபம்! மேடையில பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற சிம்மாசன நாற்காலியைக் கூட எடுக்காம சுவரோரமா தள்ளி வெச்சிருந்தாங்க. செனத்தேர் பிரெஞ்சுல பேசுவாரு, இவரு தமிழ்ல சொல்லணும். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் பாஸ்போர்ட்டுதான் பிரெஞ்சு, பேச்சு தமிழ்தானே. காலையிலயே சொன்னேன்.

"ஏங்க, வேற யாரையாவது பேசச் சொல்லக் கூடாதா?"

"அது பொலித்திக், இது வீடு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். செனத்தேர் மெல்லிசாப் பேசற ஆளு. பென்ஷன் பேசினாரு, பள்ளிக்கூடம் பேசினாரு, கடைசியில இதுக்கு வந்தாரு. கல்யாணம்ங்கறது ஆணுக்கும் பொண்ணுக்கும் நடுவுல உள்ளது, இந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போடுவேன், ஆனா எந்த மனுஷனையும் அவமானப்படுத்தறது நமக்கு அழகில்லைன்னு சொன்னாரு. பட்டாளத்து குவார்ட்டர்ஸ்ல இவரோட வருஷக்கணக்கா குடித்தனம் பண்ணினவ நான், எனக்கு அந்தப் பிரெஞ்சு நல்லாவே புரிஞ்சுது. இவரு முதல் பாதியை அப்படியே சொன்னாரு. கை தட்டல். பின்னால இருந்து ஒரு விசில். இடதுகாரங்க நாலஞ்சு பேரு கத்தறதுக்குன்னே வந்து கதவுகிட்ட நின்னாங்க, அவங்க ஊளையிட்டாங்க. இவருக்குச் சூடு ஏறிடுச்சு. அவமானப்படுத்தக் கூடாதுன்னு செனத்தேர் சொன்னதை முழுங்கிட்டாரு. அதுக்குப் பதிலா அந்தக் குரலை எடுத்து விட்டாரு:

"அந்தக் கேவலமெல்லாம் நம்ம ரத்தத்துல கெடையாது! நம்ம வீட்டுல அப்படி ஒண்ணு பொறந்தா அதைப் புள்ளைன்னு சொல்லிக்குவோமா?"

மண்டபமே அதிர்ந்து போச்சு. செனத்தேர் எழுந்து நின்னு சிரிச்சுக்கிட்டே கும்பிட்டாரு. பாவம், தான் சொன்னதுக்குத்தான் தட்டறாங்கன்னு நெனைச்சுக்கிட்டாரு. எழுந்தேன், ஆட்டோ கூடப் பிடிக்காம அந்த வெயில்ல நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன்.

எவனோ செல்போன்ல பிடிச்சிருக்கான். வலதுகாரங்க பெருமைக்கு அனுப்பினாங்க, இடதுகாரங்க திட்டறதுக்கு அனுப்பினாங்க, ஆக மொத்தம் ரெண்டு கட்சியும் சேர்ந்து அதை என் புள்ள கையில கொண்டு போய்ச் சேர்த்துட்டாங்க. ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். இங்க கூத்தாடி கூட இல்லை, என் வீட்டுல எழவுதான் விழுந்தது.

பையன் என் நம்பருக்குத்தான் போன் பண்ணினான். கோவமே இல்லை குரல்ல. அதுதான் என்னைக் கொன்னது.

"செனத்தேர் அதைச் சொல்லலை, இல்லம்மா?"

நான் போனோட சமையக்கட்டுக்குப் போனேன்.

"திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அந்த ஆள் சொல்லலை. அந்த ஆளு என்னை எதிர்த்துட்டுப் போகட்டும்மா, அவரு யாரோ. அப்பா அவருக்கே ஓட்டுப் போடட்டும், அதுவும் பரவாயில்லை. ஆனா அந்த வார்த்தை அப்பாவோடது."

"தம்பி, மேடையில ஒரு வேகத்துல..."

"நண்டு வாங்கிட்டு வந்தாரேம்மா," ன்னான். உடனே போனை வெச்சுட்டான்.

அன்னைக்கு இவரைப் பிடிச்சு உலுக்கி எடுத்துட்டேன். "நரம்பில்லாத நாக்குன்னா எப்படி வேணா பேசுமா? பெத்த புள்ளையைச் சொல்ல வாய் கூசலையா உங்களுக்கு?" "கை தட்டினாங்க, வந்துடுச்சு"ன்னாரு. ஒரு சார்ஜெண்டு, பேரன் பேத்தி எடுக்கற வயசு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, கை தட்டினாங்களாம். "போன் போட்டுத் தப்புன்னு சொல்லுங்க"ன்னேன். போட்டாரு. அங்க குளுரு எப்படி, வடகம் தீர்ந்துடுச்சான்னு கேட்டாரு. போனை என் கையில திணிச்சுட்டு மாடிக்குப் போயிட்டாரு. நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா?

எப்படியோ என் புள்ள விஷயம் மைதானத்துக்கும் போயிடுச்சு. இடது பக்கத்துல இருந்து ஒருத்தர் ஸ்வீட் பாக்ஸோட வந்தாரு. "அம்மா, நீங்க எங்க கூட்டத்துல வந்து ஒரு பெத்த தாயா ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்க வீட்டுக்காரரோட வேஷத்தைக் கலைச்சுடலாம்." எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்காரம். "என் புள்ள என்ன உங்க கட்சிக் கொடியா, கம்புல கட்டி ஆட்டறதுக்கு? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க"ன்னு கதவைச் சாத்தினேன். வலதுகாரங்க அதை விட மோசம். இவரு தோளைத் தட்டிக் கொடுத்து, "கொள்கைக்காகப் பெத்த புள்ளையையே ஒதுக்கினீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு"ன்னாங்க. இவரு யாரையும் ஒதுக்கலை. அதை அவங்ககிட்ட சொல்றதுக்கும் அந்தக் குரல் எழும்பலை. அதுல இருந்து மைதானத்துக்குப் போறதை நிறுத்திட்டாரு.

செனத்தேர் எதிர்த்தும் சட்டம் வந்துடுச்சு. ஒரு சனிக்கிழமை என் புள்ளைக்குக் கல்யாணம். நான் மட்டுமாவது வரேன்னு சொன்னேன். "வேணாம்மா. நீ தனியா நின்னா நான் அன்னைக்குப் பூரா உன் பக்கத்துல இருக்கற காலி எடத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பேன்"னான். போட்டோ அனுப்பினான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. சாட்சிக் கையெழுத்துப் போட்டது எதிர் வீட்டுல இருக்கற ஒரு வெள்ளைக்காரக் கெழவி. அவங்க நல்லா இருக்கட்டும். இவரு போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாரு. கோட்டு என்னவோ பீரோவுக்குத் திரும்பிப் போகாம கொடியிலயே தொங்கிக்கிட்டு இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடியும்போது இவரு வழக்கம் போல அறிவிப்பு வாசிக்கப் போனாரு. அன்னைக்குக் கல்யாண ஓலை ஒண்ணு இருந்தது. எங்க கோயில் வழக்கம் அது, கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு பேரை வாசிச்சு, தடை ஏதும் தெரிஞ்சா சொல்லுங்கன்னு சபையைக் கேப்பாங்க. மாப்பிள்ளை அரியாங்குப்பம், பொண்ணு எங்க கோயில் பங்கு, இங்க மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில வேலை. இன்னார் மகன், இன்னார் மகள்னு கணீர்னு வாசிச்சாரு. "இவர்களுடைய திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள்..." அதோட நின்னு போச்சு. எத்தனை வருஷமா வாசிக்கிறாரு, ஒரு ஓலைக்கும் ஒருத்தரும் எழுந்து தடை சொன்னது கெடையாது. இவரு வாய் அசையுது, சத்தம் வரலை. சாமியார் வந்து பேப்பரை வாங்கி மீதியை வாசிச்சாரு. பிரஷர்னு நெனைச்சு யாரோ தண்ணி கொண்டு வந்தாங்க. அது பிரஷர் இல்லைன்னு அந்தக் கோயில்ல எனக்கு மட்டும் தெரியும். அதுக்கப்புறம் இவரு வாசிக்கப் போகலை.

பையன் ஞாயித்துக்கிழமை எனக்கு மட்டும் போன் பண்ணுவான். "அப்பா நல்லா இருக்காரா?"ன்னு கேப்பான். இவரு பக்கத்துலயே உக்காந்து, ஸ்பீக்கர்ல போடுன்னு சைகை காட்டுவாரு, கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஊருக்கு எப்ப வரேன்னு நான் கேட்டா பேச்சை மாத்திடுவான்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் இவரு ஷேவ் பண்ணும்போது கண்ணாடியைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாரு. என்னன்னு பார்த்தா, பிரெஞ்சுல மன்னிப்பு. பார்தோன், மகனே பார்தோன்னு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கறாரு.

"தமிழ்ல சொல்லுங்க. அவனைக் குத்தினது தமிழ்லதானே," ன்னேன்.

"பிரெஞ்சுல சொன்னா கொஞ்சம் மரியாதையா இருக்கும்," ன்னாரு. தமிழ்ல சொல்ல அவரால முடியலை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு போன் வந்ததும் கையை நீட்டி வாங்கிக்கிட்டாரு. எழுந்து நின்னாரு, ஆபீசர் முன்னால நிக்கற மாதிரி. பிரெஞ்சுலயே சொன்னாரு. தப்பு ஒண்ணும் இல்லாம, முழுசா சொன்னாரு. அப்புறம் என் புள்ளையும் பிரெஞ்சுலயே, ரொம்ப மரியாதையா, "பரவாயில்லை அப்பா"ன்னான்.

போனை என்கிட்ட கொடுத்துட்டு, "சொல்லிட்டேன். பரவாயில்லைன்னுட்டான்"னாரு.

அந்தப் பிரெஞ்சு வார்த்தை எனக்குத் தெரியும். அங்க பஸ்ல யாராவது காலை மிதிச்சுட்டு மன்னிப்புக் கேட்டா, முகத்தைக் கூடப் பார்க்காம சொல்லிட்டு எறங்கிப் போவாங்க. என் புள்ள அதைத்தான் அவங்க அப்பாவுக்குச் சொன்னான். நான் அதை இவருகிட்ட எடுத்துச் சொல்லலை. இவருக்கு என்னை விட நல்லா பிரெஞ்சு தெரியும்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து உக்காந்தாரு. அன்னைக்கு நண்டுக் கொழம்பு வெச்சிருந்தேன். ஒரு நண்டை எடுத்து ஓட்டைத் தடவிப் பார்த்தாரு, உடைக்காம அப்படியே தட்டுல வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு.