நியூட்ரல் விழாத வண்டி

என் மருமகன் என் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மறுபடி மாட்டிக் கொடுத்த நாளிலிருந்து அதில் நியூட்ரல் விழவில்லை. அவர் கடை திறந்து முதன்முதலாகக் கை வைத்த வண்டி அது.

நான் பூ எடுத்துப் போகிறவன். சின்னாளப்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் காலையில் மல்லிகையும் சம்பங்கியும் மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். நாலைந்து இடத்தில் நின்று ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வெயில் ஏறும் முன் இறக்க வேண்டும். வழியில் ஒரு ரயில்வே கேட். எஞ்சின் ஓடும்போது முதல் கியரிலிருந்து மேலே தட்டினால் இரண்டுக்குப் போகும், இரண்டிலிருந்து அமுக்கினால் ஒன்றுக்கு வரும். நடுவில் இருக்க வேண்டிய இடம் மட்டும் காணாமல் போயிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விழும். மூன்று மூட்டைப் பூவோடு கேட்டில் ஆட்ட முடியாது. அதனால் ரயில் போகும்வரை கிளட்சைப் பிடித்தபடி நிற்பேன். இடது கை முட்டியெல்லாம் வெளுத்துப் போகும். ஒருநாள் பக்கத்தில் நின்ற டெம்போக்காரர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, கைய விட்டா ரயிலுக்கு முன்னாடி நீங்க போயிருவீங்க போல."

நான் சிரித்து வைத்தேன். அவர் சொன்னது உண்மை.

வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் மருமகன் கடை ஊர் முகப்பில், ரோட்டின் மேலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போய் வேறு கடையில் வண்டியை நிறுத்தினால், நான் வீடு திரும்பும் முன் செய்தி வீட்டுக்கு வந்திருக்கும். அவரிடமே சொல்லலாமே என்றால், மாப்பிள்ளையின் வேலையில் குறை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் என்னிடம் காசு வாங்காமல் செய்த வேலை. நான் சாதாரணமாகவே பேசத் தயங்குகிறவன். அவரிடம் இன்னும் தயங்குவேன்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். கம்பெனியில் ஆள் குறைத்தபோது என் மகளோடு இங்கே வந்து கடை போட்டார். எனக்கு அவள் ஒரே பிள்ளை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அடுத்த தெருவில் வந்து இருக்கிறாள். வரும்போது கொண்டுவந்த இரண்டு அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டியபடியே கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஏன் பிரிக்கவில்லை என்று என் மனைவி கேட்டாள்.

"கட நெலச்சு நின்னுச்சுன்னா பிரிக்கிறேம்மா. இல்லாட்டி மறுபடி கட்டணும்ல?"

அதைக் கேட்டபிறகு நியூட்ரலைப் பற்றிச் சொல்லும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். சாயங்காலம் கடை முன்னால் போகும்போதெல்லாம் வண்டி எப்படி என்று மருமகன் கேட்பார். நல்லா இருக்கு மாப்ள என்பேன். நிற்பதற்கு முன்பே எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டே போய் நிற்பதில் தேர்ந்துவிட்டேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் மாமா என்று அவர் நினைத்துக்கொண்டார். புதிதாக யார் வந்தாலும், எங்க மாமா வண்டிக்கு நான்தான் வேலை பார்த்தேன், வேணும்னா அவரையே கேளுங்க என்பார். கேட்டவர்களிடமும் தலையாட்டினேன்.

அப்படி மூன்று மாதம் போனது.

ஒரு நாள் சாயங்காலம் நான் வரும்போது கடையில் டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், தன் வண்டியைப் பிரித்து வேலை பார்க்க இங்கே கொடுக்கலாமா என்ற யோசனையோடு நின்றிருந்தார். மருமகன் ரோட்டுக்கே வந்து கை காட்டினார்.

"ஆஃப் பண்ணாதீங்க மாமா. சார் சத்தத்தக் கேக்கட்டும்."

கிளட்சைப் பிடித்தபடி நின்றேன். வாத்தியார் குனிந்து கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றார். நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்குங்க, சார் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார் மருமகன். நான் காலால் மேலே தட்டினேன், கீழே அமுக்கினேன். நியூட்ரல் விழுந்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. சாவியைத் திருப்பினால் முடிந்தது. ஆனால் ஆஃப் பண்ணாதீங்க என்று அவர் சொன்ன பிறகு அணைத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"இருக்கட்டும் மாப்ள. செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

"எறங்குனா வண்டிய மருமகன் பிடுங்கிக்குவாருன்னு பயமா?" என்றார் வாத்தியார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாவதோடு நின்றவன் நான். வாத்தியார் முன்னால் இன்றும் எனக்கு நாக்கு எழாது. கால் மட்டும் அடியில் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை மருமகன் கேட்டுவிட்டார். அவர் சிரிப்பு நின்றது. என் கால், பிறகு இடது கை, பிறகு முகம் என்று பார்த்தார். அருகில் வந்து அவரே சாவியைத் திருப்பினார்.

"சார், நீங்க நாளைக்கு வாங்க. இந்த வண்டில ஒரு வேல நிக்கிது."

வாத்தியார் போய்விட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகள்தான் எனக்கு நினைவில் வந்தன.

மருமகன் அங்கேயே எண்ணெயை வடித்து, கிளட்சைத் திறந்தார். உள்ளே இருந்த இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் வைத்து விரலால் அழுத்தினார். இரண்டு அசையாமல் படுத்தன. மூன்றாவது டக் டக் என்று ஆடியது. முடி அளவுதான் வளைவு. அது பழைய தகடு. பார்வைக்கு நன்றாக இருந்ததால் அதையே திரும்ப மாட்டியிருக்கிறார். கிளட்சை எவ்வளவு பிடித்தாலும் அது பக்கத்துத் தகட்டை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். மாட்டிய நாளிலிருந்து என்றேன். அவர் தகட்டைக் கீழே வைத்தார்.

"ஒங்க வண்டி நல்லா ஓடுதுன்னுதான மாமா, இன்னும் மூணு வண்டிக்குப் பழைய தகட்டையே போட்டு விட்டேன்."

அவர் கடையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நான் மூன்று மாதமாகக் கிளட்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புதுத் தகடு போட்டார். காலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற மூன்று பேருக்கும் அவரே போன் செய்து வரச் சொன்னார். இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாமவர் இப்போது வண்டியை அய்யலூர் மெக்கானிக்கிடம் விடுகிறார். வாத்தியார் பத்து நாள் கழித்து, பிரேக் கட்டை மாற்ற மட்டும் வந்தார்.

இப்போது வண்டி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் மருமகன் நம்புவதில்லை. தினமும் சாயங்காலம் கடை முன்னால் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே, கைய எடுங்க மாமா என்கிறார். ஹோம் ஒர்க் காட்டுகிற பிள்ளை மாதிரி இடது கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அதன் பிறகுதான் போகவிடுகிறார்.

போன வாரம் மகள் வீட்டுக்குப் போனபோது ஒரு பெட்டி பிரித்திருந்தது. மிக்சி அடுப்பங்கரை மேடைக்கு வந்திருந்தது. இன்னொன்று கயிறோடு அங்கேயே கிடக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.