பச்சை என்றால் ஆள் உண்டு, சிவப்பு என்றால் இல்லை

கோடை விடுமுறையில், மர்பி டவுனில் உள்ள எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் ‘கம்பெனி விளையாட்டு’ சொல்லிக்கொடுத்தேன். ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டறிந்து, அதைத் தீர்க்கும் பொருளைச் செய்து விற்க வேண்டும்.

என் மகள் நித்யா கேஸ் சிலிண்டர் போடுபவரிடம் கேட்டாள். “மூணு மாடி தூக்கிட்டு ஏறுனா வீடு பூட்டியிருக்கு பாப்பா” என்றார்.

பிள்ளைகள் அட்டை செய்தார்கள். வீட்டில் ஆள் இருந்தால் பச்சைப் பக்கம், இல்லாவிட்டால் சிவப்பு. கீழே அவரவர் தபால் பெட்டியில் மாட்ட வேண்டும். விலை ஒரு சாக்லேட். எல்லா வீடும் வாங்கியது.

ஒரு நாள் தபால் பெட்டிகள் அருகே நின்ற முன்பின் தெரியாத ஒருவர் அட்டைகளைப் பார்த்து, “சென்னாகிதே” என்று கன்னடத்தில் பாராட்டினார். பெருமை தாங்காமல் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நானே விளக்கமும் சொன்னேன்.

இன்னொரு நாள் தலைவலியால் ஆபீஸிலிருந்து பாதியில் வந்து படுத்தேன். சிவப்பில் இருந்த அட்டையைத் திருப்ப மறந்துவிட்டேன். நித்யா கீழ்வீட்டுத் தோழியிடம் இருந்தாள். படியேறிய செருப்புச் சத்தம் எந்த மாடியிலும் நிற்காமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. மணி அடிக்கவில்லை. பூட்டுத் துவாரத்தில் எதையோ நுழைத்துத் திருகும் ஓசை கேட்டது.

“யாரு?” என்றேன். மறுபடி கத்தினேன்.

திருகுவது நின்றது. செருப்புச் சத்தம் நிதானமாகவே இறங்கிப் போனது.

மாலையில் அட்டைகளைக் கழற்றும்போது நித்யா கேட்டாள். “நம்ம அட்டை அவருக்கும் உதவியாத்தான் இருந்துச்சு, இல்லம்மா?”

இப்போதும் அந்த விளையாட்டை நடத்துகிறேன். ‘இது யாருக்கு உதவும்?’ என்று கேட்டதும், ‘வேறு யாருக்கெல்லாம் உதவும்?’ என்றும் கேட்கிறேன். அதற்குப் பதில் வரும்வரை கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை.