பதினேழாம் நம்பர் சேவல்

கோழி வளர்க்கிறவர்களில் முட்டையை எண்ணுகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கொண்டையில் பல்லை எண்ணுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

இதைப் படிக்கிறவர்களில் அந்த எரிச்சலை அறிந்தவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு, கந்தப்பளையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது தம்முடைய ரோட் ஐலண்ட் ரெட் கோழிகளில் ஒரு சேவலையும் மூன்று பெட்டைகளையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகம். அந்தச் சாதிக் கோழிக்கு என்னென்ன இலட்சணம் வேண்டும் என்று உச்சி முதல் நகம் வரை அதில் எழுதியிருந்தது. அப்பா கோழிகளை அம்மாவிடமும் புத்தகத்தை என்னிடமும் கொடுத்தார். ஒரு வாரத்தில் இரண்டும் என்னிடம் வந்துவிட்டன.

கொண்டை ஒற்றையாக நிமிர்ந்து ஐந்து பல்லோடு இருக்க வேண்டும். காது மடல் முழுச் சிவப்பு. கால் மஞ்சள், விரலிடுக்கில் பூஞ்சிறகு கூடாது. உடம்பில் ஒரு வெள்ளை இறகு தெரிந்தாலும் தள்ளுபடி. இதில் ஒரு குறையும் இல்லாத சேவல் ஒன்றை உண்டாக்க வேண்டும், நுவரெலியாக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்க வேண்டும், பிறகு அதன் வம்சத்தையே வளர்க்க வேண்டும். ஆட்கள் நாலு பேர் இருந்தால் வாயே திறக்காத எனக்கு இருந்த ஒரே பேராசை இதுதான்.

மங்களத்தக்காவின் தாராளம்

பக்கத்துப் புடவைக்கடை மங்களத்தக்கா வளர்த்த நாட்டுச் சேவல் ஒருநாள் தகர வேலியைத் தாண்டி என் பெட்டைகளோடு அரைப்பொழுது இருந்துவிட்டுப் போயிற்று. புத்தகப்படி அதன் பிறகு மூன்று வாரத்துக்கு எந்த முட்டையையும் அடைக்கு வைக்கக்கூடாது, கலப்புக் குஞ்சு வந்துவிடும். அதன் பிறகு இட்ட முட்டையெல்லாம் அடுப்படிக்குப் போயிற்று. மூன்று வாரமும் எங்கள் வீட்டில் முட்டைக் குழம்புதான்.

அக்காவிடம் போய் நியாயம் கேட்க வேண்டும் என்று வேலி வரைக்கும் போனேன். ஆனால் காரணத்தை எந்த வாயால் சொல்வது? கல்யாணமாகாத பெண், நடுத்தெருவில், சேவலைப் பற்றி. "உங்க சேவல் வேலியத் தாண்டி வந்துச்சுக்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்தா வந்துட்டுப் போகுதுடி. நான் என்ன அதுக்கு உங்கிட்ட கூலியா கேட்டேன்?"

மஞ்சள் கயிறு

மூன்றாம் வருஷம்தான் பதினேழாம் நம்பர் பிறந்தது. நோட்டுப் புத்தகத்தில் நான் போட்ட நம்பர் அது. பேர் வைத்தால் பாசம் வந்துவிடும் என்று பேர் வைக்கவில்லை. எண்ணி வைத்த மாதிரி கொண்டையில் ஐந்து பல். கறுப்பு வாலில் பச்சை மினுமினுப்பு. அதோடு கூடப்பிறந்த நல்ல பெட்டை ஒன்றை, ஹட்டனிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்த வியாபாரிக்கு அம்மா குழம்பாக வைத்துவிட்டார். நான் கழித்துக்கட்டிய நொண்டி விரல் பெட்டையைக் காட்டி, "இதைக் குழம்பு வச்சிருக்கலாமே" என்றால், விருந்தாளிக்கு நொண்டிக் கோழியையா போடுவது என்று என்னையே திட்டினார்.

இனி ஆகாது என்று, கடையில் தொங்கிய மஞ்சள் கயிற்றில் ஒரு முழம் வெட்டிப் பதினேழின் காலில் கட்டினேன். இது வளர்க்க வேண்டியது, தொடாதே என்று அர்த்தம். அதிசயமாக அன்று முதல் யாரும் தொடவில்லை. அம்மாகூட அதற்கு முதலில் தவிடு வைத்தார். கடைக்கு வரும், தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் அது குறுக்கே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசியில் ஊருக்கு இலட்சணம் புரிந்துவிட்டது என்று பூரித்துப் போனேன். ஒரு பெண் கூடையை இறக்கிவைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இம்புட்டுப் படிச்சிருந்தும் இதையெல்லாம் மறக்காம செய்றீங்களே பாப்பா, நல்லா இருப்பீங்க."

இரண்டாம் பரிசு

நுவரெலியாக் கண்காட்சியில் பதினேழுக்கு அடுத்த கூண்டில் ஒரு துரைசாணியின் சேவல் நின்றது. நல்ல உடம்பு, ஆனால் காது மடலில் சுண்ணாம்பு தடவிய மாதிரி பட்டாணி அளவு வெள்ளை. என் புத்தகப்படி அதைப் போட்டிக்கே சேர்க்கக்கூடாது. தீர்ப்புச் சொல்ல வந்தவர் ஒரு வயதான துரை. துரைசாணியோடு தேநீர் குடித்துவிட்டு வந்து, அந்தக் கூண்டில் முதல் பரிசு அட்டையையும் என் கூண்டில் இரண்டாம் பரிசு அட்டையையும் செருகினார்.

அப்பா "வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தார். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்துத் துரையிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி நிதானமாகப் படித்தார். இந்த மலைக் குளிரில் காது கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும் என்றார். என் சேவலும் இதே குளிரில்தான் வளர்ந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. வந்திருக்கிறது. அவர் அன்பாகச் சிரித்துக்கொண்டு, "உன் சேவலில் ஒரு குறையும் இல்லை, பெண்ணே. அதற்காகத்தானே இரண்டாம் பரிசு கொடுத்திருக்கிறேன்" என்றார்.

கவ்வாத்துக்கு முந்தின நாள்

அடுத்த மாதம் தோட்டத்தில் கவ்வாத்து, தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டுகிற வேலை. அதற்கு முன் கவ்வாத்துசாமிக்குச் சேவல் அறுப்பார்கள். அறுத்தால்தான் கத்தி கையைக் காலைப் பதம் பார்க்காது. கவ்வாத்து ஆட்களை மேய்க்கிற கங்காணி இரண்டு பேரோடு தேங்காய், பூ சகிதம் எங்கள் முற்றத்துக்கு வந்தார். "சேவலக் கூட்டிப்போக வந்தோம் பாப்பா" என்றார். எந்தச் சேவல் என்றேன். எல்லோரும் பதினேழின் காலைப் பார்த்தார்கள். மஞ்சள் கயிறு கட்டினால் சாமிக்கு நேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். தோட்டம் முழுக்க நாலு மாதமாகத் தெரிந்த விஷயம், அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. பெரிய படிப்புப் படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

கங்காணி சேவலைத் தூக்கிக் கொண்டையின் பல்லை எண்ணினார். காதைப் புரட்டினார். இறக்கையை விரித்தார். விரலிடுக்கில் ஊதிப் பார்த்தார். புத்தகத்தில் உள்ள அதே வரிசை. போன வருஷம் அவசரத்துக்குக் கோணல் விரல் சேவலை அறுத்ததில் இரண்டு பேருக்குக் கால் வெட்டுப்பட்டதாம். "இதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார். மூன்று வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த தீர்ப்பு அது. நான் நேர்ந்துவிடவில்லை, கயிறு வெறும் அடையாளம் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. சாமியிடம் சொன்னதை மாற்றாதே என்று அப்பாவே அதட்டினார். கடைக்கு வருகிற அத்தனை பேரும் அந்தத் தோட்டம்தான்.

வேறு வழியில்லை. உள்ளே ஓடிப்போய், கிழித்தெறிய நினைத்துப் பெட்டிக்கடியில் போட்டிருந்த அந்த இரண்டாம் பரிசு அட்டையை எடுத்து வந்து நீட்டினேன். துரை இதைப் பார்த்து இரண்டாவது என்று எழுதிக் கொடுத்தார் என்றேன். அதற்கு மேல் என் சேவலைப் பற்றி ஒரு பொய்யும் சொல்ல நாக்கு வரவில்லை. கங்காணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேவலை மெதுவாகக் கீழே விட்டு, கயிற்றை அவரே அவிழ்த்தார். துரை கண்ணுக்கு என்னமோ பட்டிருக்கும்போல, ரெண்டாவதா நின்றதைச் சாமிக்குக் கொடுத்தால் கத்தி சும்மா விடாது என்று தன் ஆட்களிடம் முணுமுணுத்தார். வேலிப் படலை வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "அப்ப மொதப் பரிசு வாங்குன சேவலு எந்த பங்களாவுல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க பாப்பா."

அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த அட்டையைப் பதினேழின் கூண்டுக் கதவில், ஊருக்கே தெரியும்படி, நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.