பால் கறக்கும் நேரத்துப் பிரெஞ்சு

பெருமுக்கல் மலைக்குக் கீழே கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இரண்டு மாடும் வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிற தேவநாதன், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஆள் அல்ல. உரக்கடைக்காரர் சொன்னால் நம்பமாட்டார். மழை வருமென்று டிவி சொன்னால் நம்பமாட்டார். மைத்துனன் கோபி சொன்னால் மட்டும் நம்புவார். திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு உலகம் தெரியாமலா இருக்கும் என்பது அவர் கட்சி.

அந்தக் கோபி ஒருநாள் வந்து, "மாமா, இளவரசிய பிளஸ் ஒன்ல தமிழ் எடுக்க வெக்காதீங்க. பிரெஞ்சு எடுத்தா மார்க்க அள்ளிக்கினு வரலாம்" என்றான்.

பத்தாவதில் தமிழில்தான் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருந்தாள் இளவரசி. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மா சின்னபொண்ணு, "நல்லா போய்க்கினு இருக்கிற மாட்ட எதுக்குங்க வேற வண்டியில கட்டுறீங்க?" என்று கேட்டாள். தேவநாதன் காதில் வாங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறப்போகிற முதல் ஆள் இளவரசிதான். ஒரு பாடத்தில் பெயிலானாலும் அந்தப் படி இல்லை. அதனால்தான் லேசான பாடமாக எடுத்துவிட்டார், பாவம்.

பிளஸ் ஒன்னை அவள் எப்படியோ தட்டுத் தடுமாறித் தாண்டினாள். பிளஸ் டூ வந்ததும் தேவநாதன் தானே களத்தில் இறங்கினார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அவருக்குப் படிப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான்: நிறுத்தாமல் ஒப்பிக்க வேண்டும். சாயங்காலம் அவர் மாட்டடியில் குந்திப் பால் கறப்பார். இளவரசி பக்கத்தில் நின்று பிரெஞ்சுப் பதிலை ஒப்பிப்பாள். நடுவில் திக்கினால் மறுபடி முதலிலிருந்து. அவள் திக்கவே இல்லை. தினமும் ஒரு பதில், தண்ணீர் பட்ட பாடு. ஊரில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "எம் பொண்ணு பிரெஞ்சுல பேசினா மிஷினு ஓடுற மாதிரி இருக்கும்" என்று சொல்லித் திரிந்தார். அதே ஊர் என்பதால் நானும் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் மிஷின் இருபத்தெட்டு வாங்கியது.

பிரெஞ்சு டீச்சர் அமலா விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வந்து போகிறவர். அதிர்ந்து பேசாதவர். அப்பாவை அழைத்துவரச் சொன்னார். தேவநாதன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, திருத்தினவர்கள் மேல்தான் தப்பு என்ற முடிவோடு போனார்.

"பொண்ணுக்கு ஒரு பதில்கூட முழுசா தெரியலைங்க" என்றார் டீச்சர்.

"அதெப்படிங்க டீச்சரம்மா? தெனம் எங்கிட்ட ஒப்பிச்சிக்கினுதான இருக்குது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சி. வேணும்னா சொல்லட்டுமா?"

டீச்சர் வேண்டாம் என்பதற்குள் தேவநாதன் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். "ஜ மப்பெல் இளவரசி. ஜே தீஸெத் ஆன்..." கடைசிவரை ஓர் இடத்திலும் திக்கவில்லை. பக்கத்து மேசைக் கணக்கு வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அமலா டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஐயா, உச்சரிப்பு நல்லா இருக்குது. ஆனா உங்க பேரு இளவரசின்னு சொல்றீங்க. பதினேழு வயசுப் பொண்ணுன்னு சொல்றீங்க. லீவு நாள்ல கோலம் போடப் பிடிக்கும்னும் சொல்றீங்க. இது பிளஸ் ஒன்ல மொதல் வாரம் நடத்துன பாடம்."

தேவநாதனின் கை தானாக மீசைக்குப் போனது. ஆறு மாதமாக மகள் ஒரே பதிலைத்தான் ஒப்பித்திருக்கிறாள். அவருக்குப் பிரெஞ்சு எல்லாம் ஒரே சத்தம்.

"ஏன் பாப்பா?" என்று பக்கத்தில் நின்ற மகளைக் கேட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம்.

"நிறுத்தாம சொன்னாதான் பாஸுன்னு நீதானப்பா சொன்ன. நிறுத்தாம சொல்ல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்று இளவரசி அழுதுவிட்டாள்.

அன்றைக்கு அவர் அவளைத் திட்டவில்லை. தமிழ் படித்துக்கொண்டிருந்தவளை இதில் தள்ளியது யார் என்று அவருக்குத் தெரியும்.

அமலா டீச்சர் நல்ல மனுஷி. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். முக்கியமான பதில்களைத் தன் குரலில் தேவநாதனின் செல்போனில் பதிந்தும் கொடுத்தார். இனிமேல் மகள் ஏய்க்க முடியாதபடி தேவநாதனே எல்லாவற்றையும் காதால் பாடம் பண்ணுவது என்று ஏற்பாடு. தண்ணீர் பாய்ச்சும்போது பிரெஞ்சு, வரப்பு வெட்டும்போது பிரெஞ்சு, பால் கறக்கும்போதும் பிரெஞ்சு. பக்கத்துக் கொல்லையில் களை எடுத்த பெண்கள், தேவநாதனுக்கு வெளிநாட்டில் யாரோ சொந்தம் முளைத்துவிட்டதாக முடிவு கட்டினார்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்த அன்றைக்குச் சிவப்பு மாடு பால் சுரக்காமல் நின்றது. இதைச் சின்னபொண்ணு சொன்னாள், அவள் பொய் சொல்கிறவள் அல்ல.

ஆனால் ஒரு சிக்கல். அர்த்தம் தெரியாமல் அவர் மண்டையில் எதுவும் ஏறவில்லை.

"இந்த 'பார்ஸ்கெ'ன்னு அடிக்கடி வருதே, இன்னா அது?"

"'ஏன்னா'ன்னு அர்த்தம்பா."

"அப்ப இதுக்கு முன்னாடி இன்னா கேட்டாங்க?"

அதைச் சொல்ல அவள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. மறுநாள் அதற்கு முந்தைய வரி. அப்பாவின் பேஜாரு தாங்காமலே அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தேடினாள். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்த் தனக்கு மொழி பிடிபட்டுவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் வேப்பமர நிழலில் நின்றிருந்தார். வெளியே வந்தவளிடம் முதல் கேள்வி, "நாம படிச்சதெல்லாம் வந்துதா?"

"வந்துதுப்பா. ஒரு பெரிய கேள்வி மட்டும் நாம படிக்கல. வீட்டுல ஒருத்தரப் பத்தி எழுதச் சொல்லிட்டாங்க."

"இன்னா பண்ண?"

"எழுதினேன். நானா எழுதினேன்."

யாரைப் பற்றி என்று அவள் சொல்லவில்லை. பாடம் பண்ணாமல் ஒருத்தி எப்படி எழுத முடியும்? ரிசல்ட் வரும்வரை அவருக்கு அதே கவலைதான். திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கோபியின் போனை எடுக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் பாஸ். பிரெஞ்சில் எழுபத்துநான்கு. தேவநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சின்னபொண்ணுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் விடுவாளா? "தமிழே எடுத்திருந்தா தொண்ணூறு வாங்கியிருக்கும் எம் பொண்ணு" என்றாள். அவள் சொன்னது நியாயம்.

"தமிழ்ல அப்பாவப் பத்தி எழுதச் சொல்லியிருக்க மாட்டாங்கம்மா" என்றாள் இளவரசி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னப் பத்தியா எழுதின? இன்னான்னு?"

அவள் பரீட்சையில் எழுதியதைப் பிரெஞ்சிலேயே சொன்னாள். நாலைந்து வரிதான் இருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, யோசித்துச் சொன்னாள். தேவநாதன் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்கவில்லை.